பொம்மை நூலகம்: குடும்பங்கள் வந்துபோகும் ஓர் அறையை நடத்துவது எப்படி

‘குடும்ப ஆலோசனை மையம்’ என்று பலகை மாட்டிய இடத்தில் யாரும் லேசில் படியேறுவதில்லை. உதவி அதிகம் தேவைப்படுகிறவர்தான் அதிகம் தயங்குவார். உள்ளே போவதை யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். அதே கதவில் ‘பொம்மை இரவல் கிடைக்கும்’ என்று எழுதிப் போட்டால், குழந்தையே பெற்றோரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். பொம்மை ஒரு சாக்கு. அதை எடுக்கவும் திருப்பிக் கொடுக்கவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிற அம்மாவோ தாத்தாவோ, மூன்றாவது நான்காவது வருகையில் வாய் திறந்து பேச ஆரம்பிப்பார். அலமாரி, பதிவேடு, கழுவும் தொட்டி எல்லாம் அந்தப் பேச்சுக்கு இடையூறு செய்யாதபடி அமைய வேண்டும். கீழே வரும் அளவுகளும் எண்களும் அதை மனத்தில் வைத்துச் சொன்னவை.

யோசனை பழையது. 1935-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கடையில் சிறுவர்கள் சின்னச் சின்னப் பொருள்களைத் திருடிக்கொண்டிருந்தார்கள். பொம்மை வாங்க வழியில்லாமல் தாங்களே பொம்மை செய்துகொள்ளத்தான் எடுத்தார்கள் என்று தெரிந்தபோது அங்கே பொம்மை இரவல் திட்டம் பிறந்தது. 1963-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய லெக்கோடெக் என்ற பொம்மை நூலகம், மாற்றுத்திறன் குழந்தைகளின் குடும்பங்களுக்காக வந்தது. இன்று ஒரு நல்ல பொம்மை நூலகத்தில் இந்த இரு வகைக் குடும்பங்களும் ஒரே வரிசையில் நிற்கும். யார் எதற்காக வந்தார் என்று பார்த்தால் தெரியாது, தெரியக் கூடாது. இடமோ நிதியோ கேட்டுக் கடிதம் எழுதும்போது, 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று அது நேரடியாகவே சொல்கிறது.

எத்தனை பொம்மை, எத்தனை குடும்பம்

20 குடும்பம், ஒரு குடும்பத்துக்கு 2 பொம்மை என்றால் எந்த நேரத்திலும் 40 பொம்மை வெளியே இருக்கும். அலமாரியிலும் அதே அளவு இருந்தால்தான் வருகிறவர்களுக்குத் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும். கழுவிக் காய்கிறவை, பழுதுபார்க்கக் கிடக்கிறவை என்று ஒரு 10. ஆக 90. அவ்வளவு இல்லையென்றால் 45 பொம்மையுடன் 10 குடும்பத்துக்குத் தொடங்குங்கள். 300 சேரட்டும் என்று காத்திருந்தால் திறப்பு விழா தள்ளிக்கொண்டே போகும்.

அந்த 90-இல் ஒரு வயதுக்குள் உள்ளவர்களுக்கு 12, ஒன்று முதல் மூன்று வரை 35, மூன்று முதல் ஐந்து வரை 28, அதற்கு மேல் 15 என்று பிரித்துக்கொள்ளலாம். ஒன்று முதல் மூன்று வயதுக்குள்தான் ஒரு பொம்மை சீக்கிரம் சலிக்கும், சீக்கிரம் சின்னதாகும். பெற்றோர் அடிக்கடி மாற்ற வருவதும் அந்த வயதில்தான்.

வயதோடு விளையாட்டின் வகையையும் பாருங்கள். கெபெக்கில் உருவான ஈசார் வகைப்பாடு நான்காகப் பிரிக்கிறது: உடலையும் புலன்களையும் பழக்குவது, பாவனை விளையாட்டு, அடுக்கிக் கட்டுவது, விதிகளோடு ஆடுவது. பதிவேட்டில் ஒவ்வொரு பொம்மைக்கும் இந்த நான்கில் ஒன்றைக் குறித்தால் ஓட்டை எங்கே என்று உடனே தெரியும். நன்கொடையாக வருவதில் பெரும்பாலும் முதல் வகைதான் குவியும்: பொத்தானை அழுத்தினால் பாடுகிற, விளக்கெரிகிற சமாச்சாரங்கள். கட்டைகளுக்கும், பாவனை விளையாட்டுச் சாமான்களுக்கும், இரண்டு பேர் உட்கார்ந்து ஆடும் பலகை விளையாட்டுகளுக்கும்தான் கைக்காசு போட வேண்டியிருக்கும். இரவலுக்கு உகந்தது, வாங்கினால் உறுத்துகிற பொருள்: விலை அதிகம், இடத்தை அடைக்கும், ஆறு மாதத்தில் குழந்தை வளர்ந்துவிடும். சிறு சறுக்குமரம், நடைபழகும் தள்ளுவண்டி, நூறு கட்டைகள் உள்ள பெட்டி இந்த ரகம்.

எதை வாங்கிக்கொள்வது, எதைத் திருப்பி அனுப்புவது

நன்கொடை கேட்டு அறிவிப்பு வைத்தால் முதல் வாரம் வருவது பெரும்பாலும் வீட்டில் எறிய மனம் வராதவை. வாசலில் மூட்டையை வைத்துவிட்டுப் போக விடாதீர்கள். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட ஒரு மணி நேரம் மட்டும், கொடுப்பவர் முன்னிலையில் பிரித்துப் பாருங்கள். வேண்டாதவற்றை அவரிடமே சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுங்கள். இதைச் செய்யச் சங்கடப்பட்டவர்களின் பின்னறையில் குப்பைதான் நிறையும்.

எந்த நிலையிலும் வாங்கக் கூடாதவை சில உண்டு. தலைக்கவசமும் காரில் மாட்டும் குழந்தை இருக்கையும் முதலில். ஒருமுறை அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது, ஆனால் அடுத்த முறை காப்பாற்றாது. பெயிண்ட் உரியும் பழைய மர, உலோகப் பொம்மைகள் வேண்டாம்; பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. அழுத்தினால் தண்ணீர் பீச்சும் குளியல் பொம்மைகளையும் தவிருங்கள். ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உட்சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருப்பது தெரியும். சிறு துளை வழியாக உள்ளே போன ஈரம் காய்வதே இல்லை. தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள் விழுங்கினால் குடலில் ஊதி அடைத்துக்கொள்ளும். ரப்பர் பலூனும் கூடாது: கிழிந்த துண்டு மூச்சுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் இருமி வெளியேற்ற முடியாது.

மிஞ்சியவற்றைச் சோதிக்க ஒரு சிறிய உருளை வேண்டும். சின்ன உறுப்புச் சோதனை உருளை என்பது 31.7 மி.மீ. உள்விட்டமும் சாய்ந்த அடியும் கொண்டது. ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. பொம்மையோ அதிலிருந்து கழன்ற துண்டோ அழுத்தாமல், எந்தக் கோணத்தில் போட்டாலும், முழுதாக உள்ளே அடங்கினால் அது மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆகாது. பந்துக்கு வேறு கணக்கு: 44.5 மி.மீ.க்குக் குறைந்த விட்டம் என்றால் சின்னவர்கள் அலமாரிக்கு வரக் கூடாது. உருளையில் அடங்காத பந்துகூட வழவழப்பாக இருப்பதால் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். சின்னவர்களுக்கான பொம்மையில் 22 செ.மீ.க்கு மேல் கயிறு தொங்கினால் வெட்டிக் குறையுங்கள்.

பேட்டரி விஷயத்தில் கொஞ்சமும் தளர்வு கூடாது. 20 மி.மீ. அளவுள்ள வட்டமான லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தின் வழியே மின்சாரம் ஓடிக் காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். குழந்தை அழாமலே கூட இருக்கலாம். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியதாக இல்லாத பொம்மையை அலமாரியில் வைக்காதீர்கள். புதிதாக வரும்போது மட்டும் பார்த்தால் போதாது: பேட்டரி மாற்றிய வீட்டில் ஸ்க்ரூவைத் திருப்பிப் போட மறந்திருப்பார்கள், மூடி மட்டும் சரியாக உட்கார்ந்து ஏமாற்றும். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் ஸ்க்ரூவை விரல் நுனியால் தொட்டுப் பார்க்க வேண்டும். வலுவான சிறு காந்தங்களும் அதே ரகம். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் நசுக்கித் துளைத்துவிடும்.

எண், பை, தராசு

ஒவ்வொரு பொம்மைக்கும் ஓர் எண். அந்த எண்ணில் ஓர் அட்டை: பெயர், வயது, வகை, துண்டுகள் எத்தனை, எல்லாத் துண்டுகளையும் தரையில் பரப்பி மேலிருந்து எடுத்த ஒரு படம். அதே படத்தைச் சிறிதாக அச்சிட்டுப் பெட்டியின் மூடிக்கு உள்புறம் ஒட்டிவிடுங்கள். எடுத்துப் போகிறவர் அதைப் பார்த்தே அடுக்கித் தருவார், நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் துண்டுகள் நிறைய உள்ள பெட்டிக்குச் சமையல் தராசு கைகொடுக்கும். 1 கிராம் துல்லியமுள்ள தராசில், முழுமையான பெட்டியைப் பையோடு வைத்து எடையை அட்டையில் எழுதுங்கள். திரும்பி வரும்போது 60 துண்டுகளை எண்ணத் தேவையில்லை. எடை சரியாக இருந்தால் அலமாரிக்கு, குறைந்தால் எண்ணும் மேசைக்கு. ஆனால் அட்டைப் பஸிலுக்கு இந்த வழி ஏமாற்றும். அட்டை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வெயில் நாளில் விடும். ஒரு பெரிய பஸிலின் எடை பல கிராம் ஏறி இறங்கும், ஒரு துண்டின் எடையோ சில கிராம்தான். மழை நாளில் எடை சரியாகக் காட்டி, உள்ளே இரண்டு துண்டு இல்லாமல் இருக்கும். அட்டையைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவதுதான் வழி. ஒவ்வொரு பஸில் துண்டின் பின்புறமும் அந்தப் பொம்மையின் எண்ணை எழுதிவைத்தால், பாய்க்கு அடியில் அகப்படும் அநாதைத் துண்டு எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று தேட வேண்டாம்.

கழுவுதல்

சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி அலசுவதுதான் முக்கிய வேலை. கிருமிநாசினி அதற்குப் பிறகு. அழுக்கு மேலே இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும், கிருமிக்கு மிஞ்சாது. 5 சதவீத ப்ளீச் திரவம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4 மி.லி. போதும். கழுவிய பிளாஸ்டிக் பொம்மையை அதில் முக்கி, 2 நிமிடம் ஈரமாகவே விட்டு, துடைக்காமல் காற்றில் உலர்த்துங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு பட்டது என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 10 நிமிடம், பிறகு நன்றாக அலசல். கலவையை அன்றன்றைக்குத் தயாரியுங்கள், நேற்றையது வலுவிழந்திருக்கும். கழிவறை கழுவும் அமிலத்தோடோ அமோனியா உள்ள எதனோடோ ப்ளீச் சேரக் கூடாது, நச்சுவாயு கிளம்பும். அதனால் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ப்ளீச்சைத் தவிர வேறு புட்டியே இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது.

மரத்தை ஊறவிடாதீர்கள், வெடிக்கும். சோப்புத் துணியால் துடைத்து, ஈரத் துணியால் துடைத்து, நிழலில் காயவிட்டால் போதும். பேட்டரிப் பொம்மைக்கும் துணிதான். துணிப் பொம்மை என்றால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, உள்பஞ்சு வரை காய வேண்டும். பாதி காய்ந்ததைப் பையில் போட்டால் ஒரு வாரத்தில் முடைநாற்றம் வரும். அறையின் தரையில் ‘வாயில் வைத்தவை’ என்று ஒரு சிவப்புத் தொட்டி இருக்கட்டும். குழந்தை சப்பிய பொம்மையைப் பெற்றோரே அதில் போடப் பழகிவிடுவார்கள்.

இரண்டு மணி நேரம், நான்கு பேர்

வாரம் ஒரே நாள், ஒரே நேரம், 2 மணி நேரம். நாளை மாற்றாதீர்கள், சிரமத்தில் இருக்கும் வீடுகளுக்குத் திட்டம் போட முடியாது, பழக்கம்தான் கைகொடுக்கும். 20 குடும்பத்துக்கு இரண்டு வார இரவல் என்றால் ஒரு வாரத்தில் சராசரி 10 குடும்பம், 20 பொம்மை திரும்பும். ஒரு பொம்மையைச் சரிபார்க்க 3 நிமிடம் வைத்தால் ஒரு ஆளுக்கு ஒரு மணி நேர வேலை. ஒருவரால் ஆகும். குடும்பம் 40 ஆனால் அதே ஆளுக்கு மூச்சு விடவும் நேரம் இருக்காது, வரிசை நிற்கும், குழந்தைகள் அழும்.

நான்கு பேரில் ஒருவர் திரும்பும் பொம்மைகளை வாங்குவார். ஒருவர் புதிதாக எடுப்பதைப் பதிவு செய்வார். ஒருவர் பாயில் குழந்தைகளோடு. இந்த மூன்றும் எல்லோருக்கும் புரியும். நான்காவது ஆளுக்கு வேலை எதுவும் கொடுக்கக் கூடாது என்பதுதான் பலருக்கும் பிடிபடாத விஷயம். கையில் பேனா இல்லை, காகிதம் இல்லை, மார்பில் ‘ஆலோசகர்’ என்ற அட்டை இல்லை. பாய்க்கு அருகில், பெற்றோர் குழந்தையைப் பார்த்தபடி உட்காரும் பக்கத்தில், சும்மா உட்கார்ந்திருப்பார். எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை போல ஆகிவிடும். இருவர் கண்ணும் குழந்தை மேல் இருக்கும்போது பேச்சு தானாக வரும். ஆள் குறைந்த நாளில் முதலில் வெட்டப்படுவது இந்த நான்காவது ஆள்தான். அது தவறு. அன்று பாயில் இருப்பவரை இங்கே உட்கார வைத்து, குழந்தைகளைப் பெற்றோரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடலாம்.

அவர் கேட்கும் கேள்வியும் முக்கியம். “பொம்மை பிடிச்சிருந்ததா?” என்றால் “ம், பிடிச்சிருந்தது” என்று முடிந்துவிடும். “இதை வச்சு என்ன பண்ணினான்?” என்று கேட்டால் வீடு உள்ளே வரும்.

“ரெண்டு நாள் விளையாடினான். அப்புறம் நான் எடுத்து மேல வச்சுட்டேங்க. சத்தம் வந்தா அவருக்குக் கோபம் வருது.”

இந்த இடத்தில் அறிவுரை வாயில் வந்து நிற்கும். வேண்டாம். “அப்படியா” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அடுத்த வாக்கியம் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால், சத்தம் போடாத பொம்மை ஒன்றை எடுத்துக் கொடுத்து, அடுத்த முறை அவர் வரும்போது அதே இடத்தில் இருங்கள்.

படிவத்தில் என்ன வேண்டாம்

பெயர், தொலைபேசி எண், குழந்தையின் பெயர், பிறந்த மாதமும் வருடமும், ஒவ்வாமை ஏதும் உண்டா. அவ்வளவுதான். வருமானம், திருமண நிலை, அடையாள அட்டை எண், முகவரிச் சான்று எதுவும் கேட்காதீர்கள். வீட்டை விட்டு வந்து உறவினர் வீட்டில் தங்கியிருப்பவருக்குச் சான்று இருக்காது. அவருக்குத்தான் இந்த அறை அதிகம் தேவை. நிதி கொடுக்கிறவர் புள்ளிவிவரம் கேட்டால், எத்தனை வருகை, எத்தனை இரவல் என்று எண்ணிக் கொடுங்கள், பெயர் கொடுக்காதீர்கள். குழந்தையைப் படம் எடுக்கத் தனி ஒப்புதல் வேண்டும், அதுவும் எழுத்தில். பதிவேடு பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

தொலைந்த துண்டுக்கு அபராதம் போடலாமா என்று ஒவ்வொரு குழுவிலும் ஒரு வாதம் நடக்கும். போடாதீர்கள். முன்பணமும் வேண்டாம். அபராதம் கட்ட முடிந்தவர் கட்டிவிட்டுத் திரும்ப வருவார். முடியாதவர் பொம்மையையும் வைத்துக்கொண்டு, வெட்கப்பட்டு, வராமலே இருந்துவிடுவார். ஒரு பொம்மை போனதைப் பற்றிக் கவலை இல்லை, போனது குடும்பம். ஒரு துண்டு குறைந்தால் பையின் மேல் ‘1 துண்டு இல்லை’ என்று எழுதி மீண்டும் இரவல் கொடுங்கள். பலகை விளையாட்டில் பகடை போனால் வேறு பகடை போட்டுவிடலாம். முக்கியத் துண்டே போய்விட்டால் மட்டும் ஓய்வு. கதவுக்கு வெளியே, யாரும் பார்க்காமல் போட்டுவிட்டுப் போகிற மாதிரி ஒரு பெட்டி இருந்தால், மாதக்கணக்கில் பாக்கியிருந்தவை ஒருநாள் அதில் வந்து கிடக்கும்.

வளர்ச்சி பற்றிக் கேட்டால்

“இன்னும் நடக்கல, பயமா இருக்கு” என்பது அடிக்கடி காதில் விழும். நீங்கள் மருத்துவர் அல்ல என்பதை மறக்காமல், தெரிந்ததைச் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட அளவுகளின்படி, பிடிமானமின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். இடைவெளி எவ்வளவு பெரியது பாருங்கள். 11 மாதத்தில் நடக்காத குழந்தையின் அம்மாவுக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தையை விட இந்த எண் ஆறுதல் தரும். கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடக்கத் தொடங்கும் குழந்தைகளும் உண்டு. அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேர் அப்படி.

18 மாதத்துக்கு மேலும் நடக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்றால் ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று சொல்லக் கூடாது. எந்த வயதிலும், ஏற்கெனவே பேசிய சொல்லோ செய்த செயலோ காணாமல் போனால் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நோயின் பெயரை நீங்கள் உச்சரிக்காதீர்கள். “பாயில் விளையாடும்போது நான் இதைப் பார்த்தேன்” என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். அதையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் மருத்துவரிடம் காட்ட வசதி.

வேறு இடத்துக்கு அனுப்புவது

ஒரு பக்கத் தாளில் அருகிலுள்ள சேவைகளின் பட்டியல் வேண்டும்: குழந்தை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, குடும்ப வன்முறை உதவி எண், சட்ட உதவி, மனநலம், உணவு உதவி, குழந்தைப் பாதுகாப்பு அலுவலகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு எண்ணுக்கும் நீங்களே அழைத்துப் பாருங்கள். எண் மாறியிருக்கும், நேரம் மாறியிருக்கும், ‘பரிந்துரைக் கடிதம் வேண்டும்’ என்பார்கள். தைரியத்தைத் திரட்டிக்கொண்டு அழைக்கும் ஒருவருக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தால், அவர் மறுபடி அழைக்கப் பல மாதம் ஆகும்.

எண்ணை எழுதிக் கையில் கொடுப்பது அனுப்புவது ஆகாது. “இப்பவே இங்கிருந்து கூப்பிடலாமா? நான் பக்கத்துல இருக்கேன்” என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால், முதலில் நீங்கள் பேசி, யார் அழைக்கிறார்கள், என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு, போனை அவரிடம் கொடுங்கள். சந்திப்புக்கு நேரம் குறித்த பிறகு கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எப்படிப் போவீர்கள், இன்னொரு குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்? பல சந்திப்புகள் நடக்காமல் போவது மனமில்லாமல் அல்ல, இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இல்லாமல்தான். வன்முறை இருக்கும் வீடு என்றால் துண்டுச்சீட்டு, குறுஞ்செய்தி எதுவும் கொடுத்தனுப்பாதீர்கள். பையைச் சோதிக்கிறவர், போனைப் பார்க்கிறவர் அங்கே இருக்கலாம்.

குழந்தை ஏதாவது சொன்னால்

அப்படி ஒரு நிலை வருவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டிய நடைமுறை இது. குழுவில் ஒருவர் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. புதிதாகச் சேரும் தொண்டரின் பின்னணியை விசாரிக்காமல் பாயில் உட்கார வைக்கக் கூடாது. தெரிந்தவர்தானே என்பது விதிவிலக்கு ஆகாது.

யாரோ தன்னை அடிக்கிறார்கள், தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்கள் என்று குழந்தை விளையாட்டுக்கு நடுவே சொல்லலாம். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் கேளுங்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதை உங்களால் காப்பாற்ற முடியாது. “அப்பாதானே செய்தார்?” என்று பதிலைத் திணிக்கும் கேள்வி வேண்டாம், “அப்புறம் என்ன ஆச்சு?” போதும், அதுவும் ஓரிரு முறைதான். விவரம் தோண்டுவது பயிற்சி பெற்றவர்கள் வேலை. நீங்கள் தோண்டினால் பின்னால் விசாரணையில் குழந்தையின் சொல்லுக்கே மதிப்புக் குறையலாம். “நீ சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவும் இல்லை” என்று சொல்லுங்கள். அன்றைக்கே, குழந்தை சொன்ன சொற்களை அப்படியே, திருத்தாமல், தேதியும் நேரமும் போட்டு எழுதி, பொறுப்பாளரிடம் கொடுங்கள். அவர் அன்றே குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரிடம் போய்க் கேட்பது, குழுவில் எல்லோரிடமும் சொல்வது இரண்டும் குழந்தைக்கு ஆபத்து.

பொத்தானை அழுத்த முடியாத விரல்களுக்கு

தசை இறுக்கமுள்ள, விரல் வலுவில்லாத குழந்தைக்கும் அதே அலமாரியிலிருந்து பொம்மை எடுக்க முடிய வேண்டும். சின்ன மாற்றங்கள் போதும். பஸில் துண்டின் மேல் ஒரு மரக் குமிழ் ஒட்டுங்கள். தூரிகைக் காம்புக்கு நுரைக்குழாய் சுற்றுங்கள். பொம்மைக்கு அடியில் வழுக்காத விரிப்பு போடுங்கள்.

பேட்டரியில் ஓடும் பொம்மைக்கு ‘பேட்டரி இன்டரப்டர்’ செய்யலாம். இருபுறமும் செம்பு பூசிய, நடுவே மின்சாரம் கடத்தாத மெல்லிய தகட்டை நாணயம் போல வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து, அவற்றின் மறுமுனையில் 3.5 மி.மீ. மோனோ ஜாக் சாக்கெட்டை இணையுங்கள். தகட்டைப் பேட்டரிக்கும் அது தொடும் உலோகத்துக்கும் நடுவே செருகினால் மின்சாரம் அங்கே நின்றுவிடும். சாக்கெட்டில் ஒரு பெரிய அழுத்து சுவிட்சை மாட்டினால், உள்ளங்கையாலோ முழங்கையாலோ தலையாலோ தட்டி அதை ஓடவிடலாம். பொம்மையின் சொந்த சுவிட்ச் எப்போதும் ‘ஆன்’ நிலையில் இருக்க வேண்டும், பலரும் மறப்பது இதைத்தான். தகடு கொஞ்சம் தடித்தாலும் பேட்டரி மூடி சாத்தாது, அப்போது மூடியில் கம்பி அளவுக்குச் சிறு வெட்டு கொடுத்து மறுபடி ஸ்க்ரூ போடுங்கள். அழுத்திய பிறகும் தொடர்ந்து பாடுகிற, தானே நிற்கும் வகைப் பொம்மைகளுக்கு இது ஒத்துவராது. கைவிட்டால் உடனே நிற்கும் பொம்மையைத் தேர்ந்தெடுங்கள். ‘நான்தான் ஓட வைத்தேன்’ என்று குழந்தைக்குப் புரிவது அதில்தான்.

எங்கே சரியும்

முதல் வருடத்தில் நின்றுபோகும் பொம்மை நூலகங்களுக்குப் பெரும்பாலும் பொம்மைப் பஞ்சம் காரணமாக இருக்காது. இரண்டு பேரே எல்லாம் செய்து களைத்துப்போவார்கள், அல்லது அறையின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கும். ஒருவர் மாதம் இரண்டு முறைக்கு மேல் வரக் கூடாது என்று தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஆக நான்கு பேர் கொண்ட இரண்டு அணி. ஒவ்வொரு இடத்தின் வேலையும் ஓர் அட்டையில் இருந்தால், புதிதாக வருகிறவர் அதைப் படித்துவிட்டு உட்காரலாம். சாவி மூன்று பேரிடம் இருக்கட்டும். நன்றாக நடக்கும்போது இன்னும் பத்துக் குடும்பம் சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்க்காதீர்கள், ஆள் கிடைத்தால் இன்னொரு நாளைத் தொடங்குங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டைப் புரட்டுங்கள். ஒருமுறைகூட எடுக்கப்படாத பொம்மையை அலமாரியிலிருந்து இறக்கிவிடலாம். ஆறு வாரமாக வராத குடும்பம் என்று ஒரு பெயர் கண்ணில் பட்டால், பாக்கிப் பொம்மையைப் பற்றிப் பேசாமல், நான்காவது ஆள் ஒரு போன் செய்யட்டும்: “பாப்பா கேட்டுட்டே இருந்தாளே, அந்த மர ரயில் திரும்ப வந்திருக்கு. அவளுக்காக எடுத்து வைக்கட்டுமா?”